மே பதினான்கா, பதினேழா?

வெஸ்ட் ஹாலோ, வெர்மான்ட்
1868 பிப்ரவரி 3, திங்கட்கிழமை

அன்புள்ள லவீனியாவுக்கு,

உன் அக்காள் கணவன் ஓபடையா தேயர் எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர இங்கு எல்லாம் நலம். போர்முனையில் பிடித்த உன் இருமல் விட்டதா என்று எழுதவும்.

உனக்கு நான் கடைசியாக எழுதியது 1864 ஜூன் 2ஆம் தேதி. இன்றோடு மூன்று ஆண்டு, எட்டு மாதம், ஒரு நாள் ஆகிறது. இந்த இடைவெளிக்குக் காரணம் என் கையில்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டு, விஷயத்துக்கு வருகிறேன்.

உள்நாட்டுப் போரில் மாண்ட நம் ஊர்ப் பிள்ளைகள் பதினொருவருக்கும் வரும் ஜூலை 4ஆம் தேதி தேவாலயத்தின் முன் கல் நாட்டப்படுகிறது. முப்பத்தோராண்டு ஊரின் பிறப்பு இறப்புப் பதிவேட்டை வைத்திருந்தவன் என்பதால், பெயர்களையும் தேதிகளையும் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. என் மகன் வாரனின் பெயர் நான்காவதாக வருகிறது.

அன்று உன்னைப் பற்றியும் ஒரு வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க வேண்டுமாம். இந்த ஊரிலிருந்து போருக்குப் போன ஒரே பெண் நீ. இப்போது பாஸ்டனில் பெண்களைத் தாதியராகப் பயிற்றுவிக்கும் இல்லத்தை நடத்துபவளும் நீயே. குழுத் தலைவர் டீக்கன் ஸ்டோவெல் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க மச்சினியாச்சே தேயர், நீங்க எழுதுனா ஒரு தேதி பிசகுமா?" என்றார். "அவ கெளம்புனப்ப ஊர் சிரிக்கும்னு வாசல்ல நின்னு கத்துனவரும் நீங்கதானே, அதையும் சேர்த்துக்குங்க" என்று சிரிக்கவும் செய்தார். அது குறிப்பில் இடம்பெறாது.

எனவே, நீ பிறந்த தேதி (பதிவேட்டில் 1821 டிசம்பர் 11, உன் அக்காள் ஹன்னா சாகும்வரை 12 என்றே சாதித்தாள்), ஆசிரியை வேலையை விட்ட தேதி, எந்த மருத்துவமனையில் எந்நாள் முதல் எந்நாள் வரை இருந்தாய் என்ற விவரம் ஆகியவற்றை வரிசையாக எழுதி அனுப்பவும்.

அன்புடன்,
ஓ. தேயர்


பாஸ்டன்
பிப்ரவரி 17

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கையெழுத்தை உறையின்மேல் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். முழங்காலுக்குச் சூடான தவிட்டு மூட்டை ஒத்தடம் கொடுங்கள். என் இருமல் என்னோடு சமாதானமாக வாழ்ந்து வருகிறது.

நான் பிறந்தது 12. அக்காள் என்னைக் கையில் வாங்கியவள், பதிவேடு வாங்கவில்லை.

பதினான்கு ஆண்டு பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக் கட்டியைப் பிடித்தபின், முதல் தோல்விச் செய்தி வந்த கோடையில் வாஷிங்டனுக்கு வண்டி ஏறினேன். அங்கே முதலில் சந்தித்த ராணுவ மருத்துவர், "இது ஆம்பளைங்க சாகுற எடம்மா, பொம்பளைங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றார். "அவங்க பொறக்குற எடத்துல நாங்க இருந்தப்ப யாரும் கேக்கலையே டாக்டர்" என்றேன். கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் அதே கதவில், கட்டுத்துணி நிறைந்த இரண்டு பீப்பாய்களோடு நின்றேன். பீப்பாய்களை உள்ளே எடுத்தார்கள்; அவற்றின் பின்னாலேயே நானும் போய்விட்டேன். போர்முனைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போன முதல் சில பெண்களில் நானும் ஒருத்தி என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது சக்கரம் சேற்றில் புதையாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இருந்ததில்லை.

இடங்களை ஒரு தனித்தாளில் எழுதியிருக்கிறேன். தேதிகள் நினைவில் உள்ளவரை. ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் மட்டும் சரியாகத் தெரியும்: 1864 மே 10 முதல் 28 வரை.

இப்படிக்கு,
லவீனியா கில்மன்


வெஸ்ட் ஹாலோ
1868 மார்ச் 2, திங்கட்கிழமை

அன்புள்ள லவீனியாவுக்கு,

உன் பிப்ரவரி 17ஆம் தேதிக் கடிதம் 20ஆம் தேதி கிடைத்தது. ஒத்தடம் சற்றே உதவுகிறது.

நீ அனுப்பிய தாளில் "பெருமழைக்கு அடுத்த வாரம்" என்று ஓரிடத்திலும், "கோவேறு கழுதை செத்த அன்று" என்று ஓரிடத்திலும் எழுதியிருக்கிறாய். இவற்றைச் சபையில் வாசிக்க முடியாது. ஆண்டையேனும் குறிப்பிடவும்.

வேறொன்று. நம் மாநிலப் படையின் அச்சிட்ட பட்டியல் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. அதில் வாரன் தேயர், ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் காயத்தினால் இறந்தது 1864 மே 17 என்றிருக்கிறது. நீ அவன் அருகில் இருந்து எனக்கு எழுதிய கடிதமோ, "மே 14, சனிக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அமைதியாகக் கண் மூடினான்" என்கிறது. நிமிடம் உட்படக் குறித்திருக்கிறாய். கழுதையை வைத்து நாள் கணக்கிடும் நீயே இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கும்போது, பிழை ராணுவ எழுத்தனுடையதாகத்தான் இருக்க வேண்டும். மே 14 என்று ஒரு வரி உறுதிசெய்து எழுதினால், திருத்தம் கோரி மேலிடத்துக்கு எழுதுவேன்.

அன்புடன்,
ஓ. தேயர்


பாஸ்டன்
மார்ச் 12

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இல்லத்தில் இப்போது ஒன்பது பெண்கள் படிக்கிறார்கள். நேற்று ஒருத்தி முதன்முதலாக ஒரு பெரியவரைக் குளிப்பாட்டிவிட்டு வந்து, "அக்கா, அவரு கண்ணை மூடிக்கிட்டாரு, நானும் மூடிக்கிட்டேன், யாரு யாரைக் குளிப்பாட்டுனோம்னே தெரியல" என்றாள். நன்றாக வருவாள்.

கல்லைப் பற்றி: பல ஊர்களில் மாதமும் ஆண்டும் மட்டுமே செதுக்குகிறார்கள். "1864 மே" என்றாலே போதுமே. இல்லையென்றால் ராணுவம் சொல்வதையே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
லவீனியா


வெஸ்ட் ஹாலோ
1868 மார்ச் 23, திங்கட்கிழமை

அன்புள்ள லவீனியாவுக்கு,

மேப்பிள் மரங்களில் சாறு இறங்கத் தொடங்கிவிட்டது. பாகு காய்ச்ச என்னால் நிற்க முடியாததால் மரங்களைப் பக்கத்து வீட்டாருக்கு விட்டிருக்கிறேன். மற்றபடி நலம். உன் இருமலைப் பற்றி இம்முறை நீ எழுதவில்லை.

நான் கேட்டது ஒரு வரி. நீ எழுதியது பதினைந்து வரி. அவற்றுள் அந்த ஒரு வரி இல்லை. ஆகவே மேஜை இழுப்பறையைத் திறந்து உன் 1864ஆம் ஆண்டுக் கடிதத்தை எடுத்தேன். பின்புறம் என் கையால் "பெற்றது: மே 20" என்று எழுதியிருக்கிறது. உறையின் மேல் வாஷிங்டன் அஞ்சல் முத்திரை: மே 16.

ஆக, மே 16ஆம் தேதி வாஷிங்டனில் இருந்த ஒரு கடிதம், 17ஆம் தேதி இறந்தவனின் மரணத்தை எப்படி விவரித்திருக்கக்கூடும்? ராணுவத்தின் தேதி தவறு என்றால் நீ உடனே எழுதியிருப்பாய். நீ எழுதாததால், அது தவறில்லை என்று எண்ண வேண்டியிருக்கிறது.

லவீனியா, நான் ஏன் விடாமல் கேட்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தின் பதினெட்டாவது வரி: "கடைசியாகத் தன் தந்தையிடம் மன்னிப்புக் கேட்டான்." நாலாண்டாக நான் அந்த ஒரு வரியில் இருந்துவருகிறேன். பத்தாவது வரியில் உள்ள தேதி நிற்காது என்றால், பதினெட்டாவது வரி நிற்குமா? அதுதான் என் கேள்வி.

அன்புடன்,
ஓ. தேயர்


வெஸ்ட் ஹாலோ
1868 ஏப்ரல் 13, திங்கட்கிழமை

அன்புள்ள லவீனியாவுக்கு,

என் மார்ச் 23ஆம் தேதிக் கடிதம் கிடைத்திருக்கும். மூன்று வாரம் ஆயிற்று. உடம்புக்கு ஏதேனும் என்றால் உன் மாணவியரில் ஒருத்தியையாவது எழுதச் சொல்.

கல்தச்சர் மர்டக்குக்கு மே 30க்குள் தேதிகள் வேண்டும். "கல்லுல ஒருக்கா வெட்டிட்டா வெட்டுனதுதான், தேயர். உங்க ஏடு மாதிரி அடிச்சு எழுத முடியாது, ஆமா" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

ஓ. தேயர்


பாஸ்டன்
ஏப்ரல் 22

அத்தானுக்கு,

இரண்டும் கிடைத்தன. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நோயாளிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எழுதக்கூடிய பதில் இல்லை அது. எழுதுமுன் நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். வாரன் போருக்குப் போனபின் உங்களுக்கு எழுதிய கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றனவா? அவற்றில் ஒன்றுக்காவது நீங்கள் ஏன் பதில் போடவில்லை?

லவீனியா


வெஸ்ட் ஹாலோ
1868 மே 4, திங்கட்கிழமை

அன்புள்ள லவீனியாவுக்கு,

நீ நலம் என்பதில் மகிழ்ச்சி. உன் கேள்வி நியாயமானது.

கடிதங்கள் பத்தொன்பது. முதலாவது கிடைத்தது 1862 செப்டம்பர் 1. கடைசி, 1864 மே 6. கடைசிக் கடிதம் என் கைக்கு வந்த நாளுக்கு முந்தின நாள்தான் அவன் குண்டடி பட்டிருக்கிறான். ஒவ்வொன்றின் பின்புறமும் பெற்ற தேதியைக் குறித்து, வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

காரணத்தை எழுதப் பார்த்து மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். 1862 ஆகஸ்டு 11ஆம் தேதி காலை உணவின்போது அவன் படையில் சேரப்போவதாகச் சொன்னான். "என் பேச்சை மீறிப் போறவன் என் பேரைச் சொல்லிக்கிட்டுப் போகாதே" என்றேன். "பேரை நீங்கதானேப்பா ஏட்டுல எழுதினீங்க, நீங்களே அடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். ரயிலடிக்கு நான் போகவில்லை. அவன் திரும்பி வந்து ஒரு சொல் பணிந்தால், அன்று பத்தொன்பதுக்கும் சேர்த்துப் பேசிவிடலாம் என்றிருந்தேன். இருபத்தொரு மாதம் அப்படி இருந்தேன். பிறகு உன் கடிதம் வந்தது. அந்த வரி இருந்தது. விவகாரம் முடிந்தது என்று மடித்து வைத்தேன்.

இப்போது கேட்பது கல்லுக்காக அல்ல. அந்த வரி அவனுடையதா, உன்னுடையதா?

ஓபடையா


பாஸ்டன்
மே 20

அன்புள்ள அத்தானுக்கு,

உட்கார்ந்து எழுதுகிறேன். கதவைச் சாத்திவிட்டேன்.

மே 10ஆம் தேதி ஃப்ரெடரிக்ஸ்பர்க் தேவாலயத்தின் தரையில் வாரனைக் கண்டேன். இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வைக்கோலில் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஒரு காலை முட்டிக்குமேல் வெட்டி எடுத்தாகிவிட்டது. "சித்தி, ஒங்களப் பத்தி அப்பா சொன்னதெல்லாம் பொய். ஊர் சிரிக்கல, ஒங்களப் பார்த்து நான்தான் சிரிக்கிறேன்" என்றான். அவ்வளவு காய்ச்சலிலும் பல் தெரிந்தது.

அங்கிருந்து தபால் போக வழி ஒன்றுதான். யாராவது வண்டியில் ஆற்றுத்துறைக்குக் கொண்டுபோய் நீராவிப் படகில் சேர்க்க வேண்டும். அடுத்த வண்டி நாளைக்கோ, பத்து நாள் கழித்தோ. அதனால், பிழைக்கமாட்டான் என்று மருத்துவர் சொன்னவர்களின் வீட்டுக்கு, வண்டி நிற்கும்போதே கடிதத்தை எழுதி முடித்துவிடுவேன். பெயர் தெரியாமல் காணாமல் போனவர்களின் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். எதுவும் வராமல் இருப்பதைவிட, ஓரிரு நாள் முந்தி வருவது மேல் என்று நினைத்தேன். எத்தனை பேருக்கு அப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

மே 14 சனிக்கிழமை மதியம், படைப் போதகர் வண்டியோடு வந்தார். நான் எழுதுவதை வாரன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சித்தி, என்னோடதைக் காட்டுங்க."

"ஒனக்கு எதுக்குடா எழுதறேன்? நீ பொழைச்சுக்குவே."

"பொய் சொல்றப்ப ஒங்க மூக்கு செவக்குது. காட்டுங்க, தப்பு இருந்தா அப்பா பிடிச்சுடுவார்."

காட்டினேன். படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் நான் திருத்தியது போலவே திருத்த ஆரம்பித்தான். "அமைதியா கண்ணை மூடினான்னு மட்டும் போட்டா அவர் நம்பமாட்டார். கிழமை போடுங்க. மணி போடுங்க. ஆறு மணி பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷந்தான் அவரை நம்ப வைக்கும்." அதற்குள் முடிந்துவிடும் என்றுதான் அவனும் நினைத்தான், மருத்துவரும் நினைத்தார்.

பதினெட்டாவது வரிக்கு வந்தான்.

"மன்னிப்பா? இதை யார் சொன்னது? நான் சொல்லலையே."

"எல்லாக் கடுதாசியிலும் வர்ற வரிடா."

"எல்லாருக்கும் இவரு அப்பா இல்லையே. பத்தொன்பது கடுதாசி போட்டேன் சித்தி. கேக்கறதா இருந்தா அவரு கேக்கட்டும். அடிச்சுடுங்க."

அடித்தேன். நல்ல தாளில் பெயர்த்து எழுதும்போது போதகர் வாசலில் நின்று, "அம்மா, வண்டி கெளம்புது!" என்று கத்தினார். நான் அந்த வரியைத் திரும்ப எழுதி, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அத்தான், அந்த வரி என்னுடையது. அவசரத்தில் எழுதியதும் அல்ல. தெரிந்தே எழுதினேன். உங்களை நினைத்துத்தான் எழுதினேன். அவனைக் கேட்கவில்லை.

ஆறு பத்து வந்தது, போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தான். "செத்து ஒரு ராத்திரி ஆச்சு, பசிக்குது சித்தி. செத்தவனுக்கு என்ன பத்தியம்?" உப்பிட்ட பன்றி இறைச்சியும் மேப்பிள் பாகும் கேட்டான். கெட்டி ரொட்டியை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தேன். அன்று முழுக்கப் பேசினான். அந்த ஞாயிற்றுக்கிழமை ராணுவத் தந்திக்காரரைக் கெஞ்சி நான் உங்களுக்குத் தந்தி கொடுத்திருக்கலாம். இருக்கிறான் என்று ஒன்று, பிறகு இல்லை என்று இன்னொன்று. இரண்டு முறை உங்களைக் கொல்வானேன் என்று விட்டேன். இன்றுவரை எனக்கே தெரியவில்லை, உங்களைக் காப்பாற்றினேனா, அந்த நாளை எனக்கே வைத்துக்கொண்டேனா என்று.

திங்கட்கிழமை காய்ச்சல் திரும்பியது. பொறுக்கமாட்டாமல் அந்த வரியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கோபிப்பான் என்று பார்த்தேன். கோபிக்கவில்லை.

"அதைப் படிச்சுட்டு அப்பா என்ன பண்ணுவார்?"

"அழுவார்."

"மாட்டார். மடிச்சு, பின்னாடி தேதி போட்டு, மேஜைக்குள்ள வைப்பார்." சிரித்தான். சிரித்து ஓய்ந்தபின், "பாவம்" என்றான்.

17, செவ்வாய்க்கிழமை காலையில் போனான். மணி தெரியாது. கடிகாரத்தை எடுக்க அவன் கையை விட வேண்டியிருந்திருக்கும்.

ஜூலை 4ஆம் தேதிக்கு என் வாழ்க்கைக் குறிப்பு வேண்டாம் என்று முடிவு செய்தால் எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
லவீனியா


வெஸ்ட் ஹாலோ
1868 ஜூலை 6, திங்கட்கிழமை

அன்புள்ள லவீனியாவுக்கு,

உன் மே 20ஆம் தேதிக் கடிதம் 23ஆம் தேதி கிடைத்தது. பின்புறம் நான் தேதி குறிக்கவில்லை. பதில் தாமதித்ததற்கு முழங்காலைக் குறைசொல்ல முடியாது. அது சில வாரங்களாக நன்றாகவே இருக்கிறது. இருமல் எப்படி?

கல் நாட்டியாயிற்று. வாரனின் பெயருக்கு எதிரே மே 17 என்றிருக்கிறது. ஊர்ப் பதிவேட்டில் நான் எழுதியிருந்த 14ஐப் புதிய எழுத்தரின் அனுமதியோடு திருத்தினேன். பதிவேட்டில் பிழையைச் சுரண்டக் கூடாது. கீழே உள்ளது படிக்கும்படி ஒற்றைக் கோடு மட்டும் கிழித்து, ஓரத்தில் கையொப்பம் இட வேண்டும். உன் 1864ஆம் ஆண்டுக் கடிதத்தின் பதினெட்டாவது வரியிலும் அதே முறையில் ஒரு கோடு கிழித்தேன். அவன் அடிக்கச் சொன்னது, அடித்தாயிற்று. நீ எழுதியதும் கீழே தெரிகிறது. இரண்டும் இருக்கட்டும்.

கேட்பதானால் நான்தான் கேட்க வேண்டும் என்றானே, கேட்டேன். எங்கே, எந்த நாளில் என்பதை எங்கும் குறிக்கவில்லை.

உன் வாழ்க்கைக் குறிப்பை நானே வாசித்தேன். பிறந்த தேதி டிசம்பர் 12. பீப்பாய்களின் பின்னால் நீ நுழைந்ததைச் சொன்னபோது சபை சிரித்தது. நான் வாசலில் நின்று கத்தியதையும் கடைசி நேரத்தில் சேர்த்துக்கொண்டேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள், டீக்கன் ஸ்டோவெல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ கடிதங்களை எப்படி எழுதினாய் என்பதை மட்டும் வாசிக்கவில்லை. தாளில் எழுதி வைத்திருந்தேன். எழுந்து நின்று பார்த்தபோது, முதல் வரிசையில் மரக்கிடங்குக்காரரின் விதவை திருமதி பைக் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் ஈலைக்கும் அதே தேவாலயத் தரையில் நீதான் எழுதினாய் என்பதை, தேதி சரிபார்க்க அவர் காட்டிய கடிதத்திலிருந்து மே மாதமே அறிந்தேன். அந்தக் கடிதத்தில் மே 12. ராணுவப் பட்டியலில் மே 13.

வாசிப்பு முடிந்ததும் திருமதி பைக் கல்லருகே வந்து, ஈலையின் பெயரை விரலால் தடவினார். "பன்னெண்டுதானே தேயர்? நீங்க எல்லாத்தையும் சரிபார்த்தீங்கள்ல? வருஷா வருஷம் அன்னிக்கு நான் அடுப்பு மூட்டறதில்ல" என்றார்.

கல்தச்சரிடம் பன்னிரண்டு என்று கொடுத்தவன் நான்தான். திருமதி பைக்கிடம் சொன்னேன்: "சரிபார்த்துட்டேன்மா. பன்னெண்டுதான்."

அன்புடன்,
ஓபடையா